மூன்று இரவு ஜெய்ப்பூர்: புதுத் தம்பதிக்கு எத்தனை இடம் போதும்?

உங்கள் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் பட்டியல் கேள்விதான். தை கடைசியில் கல்யாணம், பிப்ரவரி இரண்டாம் வாரம் ஜெய்ப்பூரில் மூன்று இரவு. மதுரை ஏஜென்ட் இரண்டு நாளில் பன்னிரண்டு இடம் என்று தாள் அனுப்பியிருக்கிறார். அது சரியா, உதய்ப்பூரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி கடைசி வரியில் இருக்கிறது: மனைவிக்குக் கோட்டை, அரண்மனை என்றால் உயிர், உங்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது, கல்யாணமாகிப் பத்து நாளில் இதை வைத்து முகம் சுளிக்காமல் எப்படிச் சுற்றுவது? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன், பட்டியல் தானாக வந்துவிடும்.

நான் ஜெய்ப்பூரில் உரிமம் பெற்ற வழிகாட்டி. பல வருடங்களாகத் தென்னிந்தியக் குடும்பங்களைத்தான் அதிகம் அழைத்துப் போகிறேன். இடம், நேரம், கடை, கதை இவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். டிக்கெட் விலை சொல்லப் போவதில்லை, அது மாறிக்கொண்டே இருக்கும். ஹோட்டல் பெயரும் கேட்காதீர்கள், அது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது.

முதலில் உதய்ப்பூர். வேண்டாம். இரண்டு ஊருக்கும் இடையே கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், காரில் ஆறேழு மணி நேரம் ஓடிவிடும். மூன்று இரவில் இதைச் செருகினால் இரண்டு ஊரையும் ஜன்னல் வழியாகப் பார்த்த கதைதான். ஆக்ராவுக்கு ஒரே நாளில் போய் வரலாம் என்று ஏஜென்ட் சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள். ஒரு வழிக்கு நாலு, ஐந்து மணி நேரம், அதுவும் வெள்ளிக்கிழமையாக இருந்தால் தாஜ்மகாலுக்கு விடுமுறை. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு. உங்கள் தாளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் எல்லா ஏஜென்ட்டிடமும் அதே தாள்தான். அதில் ஜல்மகால் ஒரு 'இடம்'. மான்சாகர் ஏரி நடுவே நிற்கும் அழகான கட்டடம்தான், ஆனால் உள்ளே விடுவதில்லை. ரோட்டோரம் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். 'கைவினைக் கூடம்', 'ரத்தினத் தொழிற்சாலை' என்று இருக்கும் இரண்டும் கடைகள். கழிக்க வேண்டியதைக் கழித்தால் எட்டு, ஒன்பது மிஞ்சும், அதிலும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தம்பதிகளுக்கு நான் சொல்லும் கணக்கு ஒன்றுதான்: காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம், நடுவே மத்தியானம் அறையில். தேன்நிலவுக்கு வந்தவர்களை மத்தியான வெயிலில் ஐந்தாவது கோட்டையின் படியில் ஏற்றுவதைவிடப் பாவம் வேறில்லை. பிப்ரவரியில் பகல் வெயில் உங்கள் ஊர் வெயிலோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் காலை ஏழு, எட்டு மணிக்கு நல்ல குளிர் இருக்கும். இரண்டு பேருக்கும் ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள். பட்டுப்புடவை வேண்டுமானால் ஒன்று போதும்.

முதல் முழு நாள் காலை ஆமேர் கோட்டைக்குக் கொடுங்கள். ஊரிலிருந்து 11 கிலோமீட்டர். காலை 8 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருப்பது நல்லது. இதற்குக் காரணம் கூட்டம் மட்டும் இல்லை. கோட்டையின் சூரஜ்போல் வாசல் கிழக்கு பார்த்தது, அடிவாரத்து மாவோட்டா ஏரியும் அந்தப் பக்கம்தான். காலை வெயில் மஞ்சள் சுவரில் நேராக விழும். பதினோரு மணிக்குப் போனால் அதே சுவர் வெளுத்துப்போய் நிற்கும், அதற்குள் பள்ளிக்கூடச் சுற்றுலாப் பேருந்துகளும் வந்துவிடும்.

இங்கே உங்கள் மனைவிக்கு இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. ராஜா மான்சிங், அக்பரின் சேனாதிபதிகளில் ஒருவர், 1592-ல் தொடங்கிய அரண்மனை இது. பின்னால் வந்தவர்கள் முன்பக்கமாக விரித்துக்கொண்டே வந்தார்கள். அதனால் நீங்கள் உள்ளே நடக்க நடக்கக் காலம் பின்னோக்கிப் போகும். பளபளப்பான கண்ணாடி மாளிகை முதலாம் ஜெய்சிங் காலத்தது. மான்சிங்கின் பழைய பகுதி கடைசியில், கொஞ்சம் இருட்டாக, அலங்காரம் குறைவாக இருக்கும். பெரும்பாலானவர்கள் கண்ணாடி மாளிகையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் அந்தப் பின்பகுதிக்குப் போங்கள். நடுவில் ஒரு மண்டபம், சுற்றிலும் ராணிகளுக்குத் தனித்தனி வாசஸ்தலங்கள். எந்த ராணியைப் பார்க்கப் போகிறார் என்று மற்ற ராணிகளுக்குத் தெரியாமல் ராஜா போய்வர வழி வைத்திருந்தார்கள் என்று இங்கே சொல்வோம். புது மாப்பிள்ளைகள் இந்த இடத்தில் மட்டும் கவனமாகக் கேட்பார்கள், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றுவார்கள்.

வழிகாட்டிகள் சொல்லும் எல்லாவற்றையும் நம்ப வேண்டாம், என்னைப் போன்றவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கண்ணாடி மாளிகையில் ஒரே ஒரு விளக்கு ஏற்றினால் கூரை முழுக்க நட்சத்திரமாக மின்னும் என்பது உண்மை, சில்லுகள் குவிந்து வளைந்தவை என்பதால் அப்படி. ஆனால் அக்பர், சலீம் கதையைச் சொன்ன பழைய இந்திப் படத்தின் புகழ்பெற்ற கண்ணாடி மண்டப நடனம் இங்கே எடுக்கப்பட்டது என்று யாராவது சொன்னால் அது தவறு, அது பம்பாய் ஸ்டுடியோவில் போட்ட செட். மேலே ஜெய்கட் கோட்டையில் இருக்கும் ஜெய்வானா பீரங்கி 1720-ல் அங்கேயே வார்க்கப்பட்டது, சக்கரம் வைத்த பீரங்கிகளில் மிகப் பெரியது என்று பெயர் பெற்றது. இதுவரை சரி. ஒரே ஒரு முறை சுட்டார்கள், குண்டு விழுந்த இடத்தில் குளமே உண்டாகிவிட்டது என்பது கேட்க நன்றாக இருக்கும் கதை. கோட்டை பிடிக்காத உங்களுக்கு அந்தப் பீரங்கி பிடிக்கலாம். ஆமேரிலிருந்து ஜெய்கட்டுக்குச் சுரங்கப்பாதை உண்டு, கால் வலிக்கவில்லை என்றால் போங்கள். டிக்கெட் தனி, அது அரச குடும்பத்தாரிடம் இருக்கும் கோட்டை.

ஆமேருக்கு ஏற யானை சவாரி கேட்பார்கள், தம்பதிகளிடம் இன்னும் அதிகமாக. வேண்டாம் என்பது என் கருத்து. கல் பாவிய சரிவில் நாள் முழுக்க ஆள் சுமந்து ஏறும் யானைகளின் நிலை பற்றிப் பல வருடங்களாகப் புகார்கள் இருக்கின்றன. நடந்தால் பத்து, பதினைந்து நிமிடம்தான். முடியாதென்றால் பின்பக்கமாக ஜீப் போகும். இறங்கும்போது ஷிலாதேவி கோயிலைத் தவற விடாதீர்கள். மான்சிங் வங்காளத்திலிருந்து கொண்டுவந்த அம்மன். கோட்டைக்குள் டிக்கெட் வாசலுக்கு முன்பே இருக்கிறது, மத்தியானம் நடை சாத்துவார்கள், அதனால் காலையிலேயே கும்பிட்டுவிடுங்கள்.

அன்று மாலை நாகர்கட். 1734-ல் கட்டிய கோட்டை, ஊருக்கு நேர் மேலே மலை விளிம்பில். உள்ளே பார்க்க ஒன்றுதான் முக்கியம்: இரண்டாம் மாதோசிங் கட்டிய மாளிகை. ஒன்பது ராணிகளுக்கு ஒன்பது ஒரே மாதிரி வீடுகள். ஆமேர் ராணிகள் கதையைக் கேட்டவர்கள் இதையும் பார்த்தால் ஒரு ஒழுங்கு பிடிபடும். அதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு மதில் பக்கம் போய் உட்காருங்கள். சூரியன் இறங்கி, கீழே ஊரில் விளக்குகள் எரியத் தொடங்கும்போது ஜெய்ப்பூரின் கட்டம் போட்ட தெருக்கள் கோடு கோடாகத் தெரியும். இதற்கு வரலாற்று ஆர்வம் தேவையில்லை. ஒரு விஷயம் மட்டும்: மேலே போகக் கிடைத்த ஆட்டோவோ டாக்சியோ இருட்டிய பின் திரும்பக் கிடைக்காது. போன வண்டியையே காத்திருக்கச் சொல்லிப் பேசி முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

இரண்டாம் நாள் மதில் சூழ்ந்த பழைய ஊர். கார் வேண்டாம். மெட்ரோ பழைய ஊருக்குள் 'படி சௌபட்' என்ற நிலையம் வரை வருகிறது, ரயில் நிலையம் பக்கமோ சிந்தி கேம்ப் பக்கமோ தங்கினால் அதிலேயே வந்துவிடலாம். இந்த ஊர் 1727-ல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் திட்டம் போட்டுக் கட்டியது. வங்காளத்தைச் சேர்ந்த வித்யாதர் பட்டாச்சார்யா திட்டம் வரைந்தவர். ஒன்பது சதுரங்களாகப் பிரித்து, மலை குறுக்கிட்ட இடத்தில் ஒன்றை நகர்த்தி வைத்தார்கள். 2019-ல் யுனெஸ்கோ ஊரையே பட்டியலில் சேர்த்தது இந்தத் திட்டத்துக்காகத்தான், நிறத்துக்காக இல்லை. நிறம் பின்னால் வந்த விஷயம். 1876-ல் வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்ட் வருகைக்காக ராம்சிங் ராஜா ஊருக்கு இந்த வண்ணம் அடித்தார். ரோஜா நிறம் என்று சொன்னாலும் கிட்டே போய்ப் பார்த்தால் நம்ம ஊர்க் கோயில் சுவர்க் காவிதான்.

ஹவாமகாலும் கிழக்கு பார்த்தது. எட்டு மணிக்குத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றால் படம் நன்றாக வரும். எதிரே இருக்கும் மாடிக் கடைகளில் காபி வாங்கினால் அங்கிருந்தும் எடுக்கலாம், காபிக்கும் காட்சிக்கும் சேர்த்து விலை போடுவார்கள். 1799-ல் சவாய் பிரதாப்சிங் கட்டியது, 953 ஜன்னல்கள், லால்சந்த் உஸ்தாத் வேலை. முன்பக்கத்தில் வாசலைத் தேடாதீர்கள், நுழைவு பின்பக்கச் சந்தில். நாம் படம் எடுக்கும் அந்த முகம், தெருவில் போகும் ஊர்வலங்களை அரண்மனைப் பெண்கள் மறைவாகப் பார்க்க வைத்த திரை. மேல் மாடிகள் ஒரே ஒரு அறை அகலம்தான். உள்ளே போவது அவரவர் விருப்பம். என்னைக் கேட்டால் போங்கள். அந்தச் சிறிய ஜன்னல்களில் கண்ணை வைத்துக் கீழே பஜாரைப் பார்த்தால்தான் கட்டடம் எதற்கு என்று புரியும்.

இப்போது உங்களுக்கான இடம். ஜந்தர் மந்தர், வானத்தை அளக்கக் கட்டிய வானியல் கூடம். கோட்டை பிடிக்காத கணவர்களை நான் இங்கேதான் காப்பாற்றியிருக்கிறேன். மேகமில்லாத நாளில், பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் போங்கள். நிழல்தான் இங்கே கடிகார முள், சூரியன் வேண்டும். சாம்ராட் யந்திரம் என்ற 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரத்தின் நிழல் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பொறுத்தால் நிழல் விரலைத் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்புறம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். நீங்கள் வரும் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் யந்திரம் கிட்டத்தட்ட 41 நிமிடம் பின்தங்கிக் காட்டும். யந்திரம் கெட்டுப்போகவில்லை. நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே இருப்பதால் 27 நிமிடம் வித்தியாசம். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஒரே சீராக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் அந்த வாரத்தில் இன்னொரு 14 நிமிடம். இரண்டையும் கூட்டிச் சரிசெய்தால் மணி சரியாக வரும். 18ஆம் நூற்றாண்டில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது இது.

பக்கத்திலேயே ராசிவலய யந்திரம், பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு கட்டுமானங்கள், மேஷம் முதல் மீனம் வரை ராசிப் படத்தோடு. ஜாதகப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறீர்கள், அவரவர் ராசியைத் தேடிப் பிடித்து நின்று படம் எடுக்காமல் எந்தத் தமிழ்த் தம்பதியும் போனதில்லை.

எதிரே நகர அரண்மனை. ஜந்தர் மந்தர், ஹவாமகால், ஆமேர், நாகர்கட் இவற்றுக்கு அரசின் கூட்டு டிக்கெட் ஒன்று உண்டு, முதல் நாள் ஆமேரிலேயே வாங்கிவிட்டால் இரண்டு நாளுக்கும் ஆகும். நகர அரண்மனை அதில் சேராது, தனி டிக்கெட். நான்கு பருவங்களுக்கு நான்கு வாசல் இருக்கும் முற்றத்தில் மயில் வாசலில்தான் கூட்டம் மொய்க்கும். மற்ற மூன்றும் அதற்குக் குறைந்தவை இல்லை, வரிசையும் இருக்காது. அரசவை மண்டபத்தில் ஆள் உயர வெள்ளிக் கொப்பரைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் சுமார் 345 கிலோ. 1902-ல் இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்குப் போன மாதோசிங், கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்று கங்கை நீரை இதில் நிரப்பிக் கப்பலில் கொண்டுபோனார். நாகர்கட்டில் ஒன்பது வீடு கட்டினாரே, அவரேதான். அந்த எட்வர்ட் யார் என்றால், 1876-ல் எவர் வருகைக்காக ஊருக்கே வண்ணம் அடித்தார்களோ அதே இளவரசர்.

அறைக்குப் போய்த் தூங்கி எழுந்து மாலையில் கடைத்தெரு. இரண்டாம் நாள் ஞாயிறாக இருந்தால் நாட்களை மாற்றிக்கொள்ளுங்கள், பழைய ஊரில் பல கடைகள் அன்று அடைத்திருக்கும். திரிபோலியா பஜாரிலிருந்து பிரியும் மணிஹாரோன் கா ராஸ்தா என்ற சந்துக்குப் போங்கள். கண்ணெதிரே அரக்கைக் கரி அடுப்பில் இளக்கி உருட்டி, வளைத்து, கல் பதித்து வளையல் செய்து தருவார்கள். சூடாக இருக்கும்போதே கை அளவுக்குச் சரிசெய்வார்கள். பேரம் பேசலாம், பேச வேண்டும். ஜெய்ப்பூரில் மனைவிக்கு ஒரு பொருள்தான் வாங்கித் தர முடியும் என்றால் நான் அந்த வளையலைச் சொல்வேன்.

ஜோஹரி பஜாரின் குந்தன் நகை வேறு விஷயம். அழகில் குறையே இல்லை. ஆனால் சவரன் கணக்கில் நகை வாங்கிப் பழகியவர்கள் நாம். குந்தன் நகையின் உள்கூட்டில் அரக்கு நிரப்பியிருக்கும், மேலே கல், பின்னால் மீனாகாரி எனாமல். தராசில் காட்டும் எடை முழுக்கத் தங்கம் இல்லை. அவசரத்துக்கு ஊரில் அடகு வைக்கவோ விற்கவோ போனால் தங்கத்தை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். போட்டுக்கொள்ளப் பிடித்திருந்தால் வாங்குங்கள், சேமிப்பாக நினைத்து வாங்காதீர்கள். தனியாகக் கல் வாங்கி ஊரில் நல்ல விலைக்கு விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கமிஷன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிரைவர் கூட்டிப் போகும் கடையில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் அவருக்கும் வழிகாட்டிக்கும் பங்கு உண்டு. ஆமேர் சாலையில் 'பிளாக் பிரிண்டிங் செய்முறை விளக்கம், ஐந்தே நிமிடம்' என்று நிறுத்துவது இதற்காகத்தான். கோபப்பட வேண்டியதில்லை, ஏறும்போதே 'கடை எதுவும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வாடகையைக் கொஞ்சம் கூட்டிப் பேசினால் முடிந்தது. துணி வாங்க ஆசை என்றால் விமான நிலையத்தை ஒட்டியே சாங்கானேர் இருக்கிறது, அச்சு போடுபவர்களின் ஊர். வெள்ளைத் துணியில் சின்னப் பூ என்றால் சாங்கானேர் பாணி, கருஞ்சிவப்பும் கறுப்புமாக இருந்தால் பக்ரூ. அச்சுக்கும் அச்சுக்கும் இடையே சேரும் இடத்தில் லேசாக விலகியிருந்தால் கையால் போட்டது. அளந்து வைத்த மாதிரி அட்சரசுத்தமாக இருந்தால் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்ட், அதற்குக் கை அச்சு விலை தராதீர்கள். ரஜாய் போர்வையும் காட்டுவார்கள். மதுரை வெயிலுக்கு அது எதற்கு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள், இட்லி தோசை எங்கும் கிடைக்கும், ஆனால் அதற்காகவா இவ்வளவு தூரம்? காலையில் வெங்காயக் கச்சோரி, மண் குவளையில் லஸ்ஸி. பருப்பும் சுட்ட கோதுமை உருண்டையும் இனிப்புப் பொடியும் சேர்ந்த 'தால் பாட்டி சூர்மா'வை மத்தியானம் சாப்பிடுங்கள், இரவில் வேண்டாம், நெய் அளவு அப்படி. அசைவம் உண்டென்றால் லால் மாஸ் என்ற ஆட்டுக்கறிக் குழம்பின் காரம் நம்ம நாக்குக்குச் சரியாக இருக்கும். ஒரு மாலை மிச்சம் இருந்தால் ராஜ்மந்திர் தியேட்டரில் ஒரு இந்திப் படம். 1976-ல் திறந்தது, கூரையையும் வளைவுகளையும் பார்க்கவே போகலாம். டிக்கெட் வகுப்புகளுக்கு முத்து, மாணிக்கம், மரகதம், வைரம் என்று பெயர். படம் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

தங்கும் இடத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஹவேலி என்று சொல்லும் பழைய மாளிகை வீட்டை மாற்றிய ஹோட்டல்கள் படத்தில் மயக்கும். ஆனால் பல ஹவேலிகளில் அறை ஜன்னல் உள்முற்றத்து வராண்டாவில்தான் திறக்கும், போகிற வருகிறவர்கள் எல்லாம் ஜன்னலை ஒட்டி நடப்பார்கள், பகலிலும் திரையை இழுத்து மூடியே இருக்க வேண்டும். வெளிப்பக்க ஜன்னல் அறையா என்று போனில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டாவது, பிப்ரவரி இங்கேயும் கல்யாண சீசன். உங்கள் தேதிகளில் அங்கே கல்யாணம் ஏதாவது புக் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். பாராத் என்ற மாப்பிள்ளை ஊர்வலத்தின் பேண்டு வாத்தியம் ஜன்னலுக்குக் கீழே நின்றுவிட்டால் நடுராத்திரி வரை தூக்கம் கிடையாது.

கல்யாணச் சான்றிதழ் கேட்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். இருவரிடமும் தனித்தனி அடையாள அட்டை இருந்தால் போதும், பெயர் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிக்கல் விமானத்தில்தான் வரும். மனைவியின் டிக்கெட்டை இப்போது அவர் ஆதாரில் இருக்கும் பெயரிலேயே எடுங்கள், அப்பா இனிஷியலோடு. ஆசையாக உங்கள் பெயரைச் சேர்த்து எடுத்துவிட்டு விமான நிலைய வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

திரும்பும் நாள் காலை வேறு எதுவும் வைத்துக்கொள்ளாமல் கோவிந்த்தேவ்ஜி கோயிலுக்குப் போங்கள். நகர அரண்மனைக்குப் பின்னால், தோட்டத்துக்குள். பிருந்தாவனத்திலிருந்து வந்த கிருஷ்ணர். நாள் முழுக்கத் திறந்திருக்காது, ஜாங்கி என்று சொல்லும் தரிசன வேளைகளில் மட்டும் திரை விலகும். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் முந்தின நாள் நகர அரண்மனை பார்க்க வரும்போதே கோயில் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமானம் மத்தியானத்துக்கு மேல் என்றால் இதற்கு நேரம் தாராளமாக இருக்கும். காலை விமானம் என்றால் ஏஜென்ட்டிடம் இப்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள், அந்தத் தாளில் நீங்கள் வாதாட வேண்டிய ஒரே வரி அதுதான்.